சோதிக்காமல் அனுப்பிய படம்

டிராக்டர் சத்தம் கேட்டும் சேதுலட்சுமி தலையைத் தூக்கவில்லை. அந்த மழைக்கு ராமநாதபுரம் கேணிக்கரை ரோட்டில் டிராக்டரைத் தவிர வேறென்ன ஓடும்? மூன்று நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் இந்த ஸ்கேன் சென்டருக்கு வேலைக்கு வந்து போகிறவள், பஸ் நின்றுபோனதால் டவுனிலேயே மாட்டிக்கொண்டாள். ஸ்கேன் எடுக்கிற ஹமீதா பானுவின் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். இவள் வேலை, ஹமீதா எடுக்கும் படங்களை டெலிபோன் லைன் வழியாக மதுரை டாக்டருக்கு அனுப்புவது. முந்தின நாள் விழுந்த இடியில் அந்த அனுப்புகிற கம்ப்யூட்டர் கருகிப்போனது. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மதினி! சீக்கிரம் வாங்க!"

குரலைக் கேட்டுத்தான் எழுந்தாள். வாசலில் நின்றது அவர்கள் வீட்டு டிராக்டர். கொழுந்தன் வீரையா நனைந்த கோழியாக ஸ்டியரிங்கில் இருந்தான். பின்னால் டிரெய்லரில் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தபடி மாமியார் இராமலட்சுமி. தார்ப்பாய்க்குள்ளே வைக்கோல் மேல் கிடந்தது சேதுலட்சுமியின் புருஷன் முத்தழகு.

"தலைவலி தலைவலின்னு சுருண்டு படுத்தான்த்தா. நேத்து பூரா வாந்தி. காலையில என்னையப் பாத்து, நீங்க யாரு, யார் வீட்டுக்கு வந்திருக்கீகன்னு கேக்குறான்த்தா, பெத்தவளப் பாத்து!" என்று மாமியார் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

சேதுலட்சுமி டிரெய்லரில் ஏறி அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் விதைப்பு முடிந்த அன்று, டிராக்டர் மட்காட்டிலிருந்து வழுக்கிக் கலப்பைக் கம்பியில் மண்டை இடிபட விழுந்தவன் அவன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம், ஹமீதா அக்கா பாதிக் காசுக்கு எடுத்துத் தரும் என்று கெஞ்சினாள். சிரித்தான் மனுஷன்.

"நீ ஒரு டெஸ்டுக்காரி. எதுக்கெடுத்தாலும் டெஸ்ட் பண்ணணும்ங்கிற. நாங்க புழுதியில விதைக்கிற ஆளுக புள்ள. ஈரமா இருக்கா, மழை வருமான்னு பாத்துக்கிட்டு இருந்தா இந்தச் சீமையில ஒரு நெல்லு வீடு வந்து சேராது. போட்டுட்டு வானத்தப் பாக்கணும், அம்புட்டுத்தான்."

அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். கண்மாயில் தண்ணீர் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைத் தூவி, மேலே மண்ணை மூடிவிட்டு வந்துவிடுவார்கள். மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் விதையும் போச்சு. நிலத்துக்கு அது சரி. மண்டைக்கும் அதே கணக்கா? இப்போது அதைச் சொல்லி என்ன செய்ய!

ஹமீதா மளமளவென்று காரியத்தில் இறங்கினாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் முதல் ஆளைப் படுக்க வைக்குமுன், தண்ணீர் நிரப்பிய உருளை டப்பா ஒன்றை ஸ்கேன் மெஷினுக்குள் வைத்துப் படமெடுப்பாள். தண்ணீர் தண்ணீராகவே தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மனுஷனைத் தொடுவாள். வாசலில் பத்துப் பேர் கத்தினாலும் சரி. "ஒங்க டப்பாவுக்கு டோக்கன் நம்பர் ஒண்ணாக்கா?" என்று சேதுலட்சுமியே கிண்டல் செய்திருக்கிறாள். நல்லவேளை, அன்றைக்கு டப்பா வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. முத்தழகைப் படுக்க வைத்துப் படமும் எடுத்தாயிற்று. எடுத்து முடித்துப் படங்களைச் சேதுலட்சுமியின் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் பட்டென்று கரண்ட் போனது.

பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து சென்டர் டாக்டர் நெற்றியைத் தேய்த்தார்.

"என்னால உறுதியாச் சொல்ல முடியலம்மா. தலைக்குள்ள பழைய ரத்தம் கட்டியிருந்தா மூளை நிறத்துலயேதான் தெரியும், லேசுல கண்டுபிடிக்க முடியாது. மதுரைக்கு அனுப்பு. அவர் பாத்து ஆபரேஷன்னா உடனே ஏத்துவோம். சத்திரக்குடிக்கு அங்கிட்டு ரோட்டுல இடுப்பளவு தண்ணியாம். அவசியமில்லாம இவரப் போட்டுக் குலுக்கிக்கிட்டுப் போறதும் ஆபத்து."

ஆக எல்லாம் அவள் கையில் வந்து நின்றது. அனுப்பு என்று சொல்வது எளிது. மொத்தப் படங்களையும் அப்படியே அனுப்பினால் சாயங்காலம் வரை போகும். மழையில் லைன் அடிக்கடி அறுந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கும். படங்களைச் சுருக்கி அனுப்ப ஒரு நிரல் உண்டு. கருகிப்போன கம்ப்யூட்டரோடு அதுவும் போயிற்று. சேதுலட்சுமியிடம் இருந்தது அதன் மூல நிரல் மட்டும், ஒரு சிடியில். அதை இந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, உருவாக்கினால்தான் ஓடும். அவளுக்கு அது தெரியாத வேலை இல்லை. ஆனால் பேட்டரியில் ஓடும் பழைய மெஷின், பக்கத்து அறையில் முனகும் புருஷன், காதருகே அழும் மாமியார். இதற்கு நடுவில் செய்ய வேண்டும்.

கம்பைல் ஓடத் தொடங்கியது. ஓடுவது எருமை நடையாக இருந்தது. பொறுக்காமல் நிறுத்தினாள். உருவாகி வரும் நிரலாவது படங்களை விரைவாகச் சுருக்கட்டும் என்று, வேகத்துக்கான கட்டளை ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து மறுபடி தொடங்கினாள். சில சமயம் கணக்கைத் தப்பாக்கிவிடும் கட்டளை அது. அதுவும் அவளுக்குத் தெரியும். டெஸ்டில் தப்புத் தெரிந்தால் எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கம்பைல் முடிந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கூடவே வரும் குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தது. நிறுவுமுன் டெஸ்ட் ஓட்டுக. நிரல் நூற்றுக்கணக்கான மாதிரிப் படங்களைச் சுருக்கி, விரித்து, போனதும் வந்ததும் ஒன்றா என்று தானே சரிபார்த்துக்கொள்ளும். இந்த மெஷினில் அது ஒன்றரை மணி நேரமாவது ஓடும். பேட்டரியைப் பார்த்தாள். டெஸ்ட் ஓட்டினால் அனுப்ப பேட்டரி இருக்காது. அனுப்பினால் டெஸ்ட் ஓட்ட இருக்காது. இரண்டில் ஒன்றுதான்.

கரண்ட் எப்போது வரும் என்று மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டாள். கம்பம் சாய்ந்து கிடக்கிறது, சொல்ல முடியாது என்றார்கள்.

"அக்கா, டெஸ்ட் ஓட்டாம அனுப்பவா?" என்று ஹமீதாவிடம் கேட்டாள்.

"யா அல்லாஹ், என்கிட்ட கேக்குறியே சேது. நான் தண்ணி டப்பா வைக்காம யாரையும் படுக்க வச்சதில்ல. ஆனா உள்ள கெடக்குறது ஒன் புருசன். எந்த வாயால நான் சொல்லுவேன்?"

மாமியாருக்கு இந்தப் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். மருமகள் கையில் வேலை இருக்கிறது, அவள் செய்யாமல் நிற்கிறாள்.

"என்னத்த யோசிச்சுக்கிட்டு நிக்கிற? எம்புள்ள அங்கன செத்துக்கிட்டுக் கெடக்கான். அனுப்புத்தா! ஒனக்குப் புண்ணியமாப் போகும், அனுப்பு!"

சேதுலட்சுமியின் விரல் விசைப்பலகை மேலேயே நின்றது. அவள் பொறந்த வீடும் வானம் பார்த்த பூமிதான். அவள் அய்யாவும் புழுதியில் விதைத்தவர்தான். எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள்! ஈரம் பார்க்க நின்றவன் காட்டில் ஒன்றுமில்லை, துணிந்து போட்டவன் காட்டில் பயிர். போட்டுடுவோம். முளைத்துவிடும். இதுவரை எத்தனை முறை கம்பைல் பண்ணியிருக்கிறோம், ஒருமுறையாவது தப்பாகப் போனதுண்டா? ஒவ்வொரு முறையும் டெஸ்ட் ஓட்டியிருக்கிறாள் என்பது அப்போது அவள் நினைப்பில் வரவில்லை.

டெஸ்டைத் தாண்டி நிறுவினாள். படங்களைச் சுருக்கி அனுப்பினாள். லைன் இரண்டு முறை அறுந்து ஒட்டியது. கடைசிப் படம் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது.

மதுரை டாக்டர் மத்தியானம் கூப்பிட்டார்.

"படங்கள் வந்துருச்சு. கொஞ்சம் தட்டையா, மங்கலாத்தான் இருக்கு. ஆனா ரத்தம் கட்டுனதா ஒண்ணும் தெரியல. வாந்தியில தண்ணிச்சத்துக் குறைஞ்சிருக்கலாம். டிரிப் போடுங்க. அங்கேயே வச்சுப் பாருங்க. இந்த வெள்ளத்துல கிளப்ப வேண்டாம். ரோடு சரியானதும் கூட்டிட்டு வாங்க."

மங்கலாக இருக்கிறது என்றதை அவள் கேட்டாளா? காதில் விழுந்தது. ஆனால் மனுஷருக்கு வேண்டியதுதானே மனசில் போய் உட்காரும்! ரத்தம் இல்லை, கிளப்ப வேண்டாம் என்ற இரண்டும்தான் உட்கார்ந்தன. போனை வைத்ததும் ஹமீதாவைக் கட்டிப்பிடித்து விசும்பினாள். மாமியார் உத்தரகோசமங்கை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு, மகன் எழுந்து நடந்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். அந்த மழையிலும் வீரையா ஓடிப்போய் டீயும் பன்னும் வாங்கி வந்தான். டிரிப் ஏறியதில் முத்தழகு கூட ஒருதரம் கண்ணைத் திறந்தான்.

"ஏ புள்ள, மூணு நாளா வீட்டுக்கு வராம இங்கன என்ன செய்யிற?"

"ஒங்களத்தான் மச்சான் அனுப்பிக்கிட்டு இருந்தேன், மதுரைக்கு," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் ஒரு பக்க உதட்டால் சிரித்தான். இடது பக்கம் ஏன் அசையவில்லை என்று யாரும் பார்க்கவில்லை.

மூன்று மணிவாக்கில் கரண்ட் வந்தது.

விட்ட வேலையை முடித்து வைப்போமே என்றுதான் சேதுலட்சுமி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மனசு நிறைந்திருந்தது. டெஸ்டை ஓடவிட்டு டீயைக் குடித்தாள். திரையில் வரிவரியாக ஓடியது. சரி, சரி, சரி. பார்த்தாயா, ஒன்றுமே இல்லை, வீணாகப் பயந்து செத்தோம் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். பாதிக்கு மேல் ஓடியதும் ஒரு வரி சிவப்பாக வந்தது. தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும்.

என்ன படங்கள் என்று பார்த்தாள். சாதாரண போட்டோக்கள் எல்லாம் சரியாக வந்திருந்தன. தப்பானவை ஸ்கேன் படங்கள் மட்டும். ஆயிரக்கணக்கான சாம்பல் நிறங்கள் உள்ள படங்கள். வேகத்துக்காக அவள் சேர்த்த கட்டளையால், நிரல் அவற்றைச் சுருக்கும்போது அருகருகே இருக்கும் மெல்லிய நிறங்களை ஒன்றாக்கிப் பூசிவிட்டிருந்தது.

மூளை நிறத்துலயேதான் தெரியும் என்று காலையில் டாக்டர் சொன்னாரே, அந்த மெல்லிய வித்தியாசம்தானே இது? முத்தழகின் படத்தில் ஒன்றை எடுத்துச் சுருக்கி, விரித்து, மூலப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மூலத்தில் மண்டையோட்டின் உள்விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் ஒரு நிழல் போல ஏதோ இருந்தது. இருந்ததா, இல்லை தன் கண்தான் பேயாட்டம் ஆடுகிறதா என்று தெரியவில்லை. விரித்த படத்தில் அது அறவே இல்லை. துடைத்து எடுத்தாற்போல எல்லாம் ஒரே நிறம்.

அவளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து அறையில் மாமியார் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், பாழும் மனசு கேட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்?

மதுரைக்குப் போன் போட்டாள். "சார், நான் அனுப்புனது தப்பான படம் சார். சுருக்குற நிரலை டெஸ்ட் பண்ணாம அனுப்பிட்டேன். அதுல நிறம் போயிருச்சு. சார், அவர் என் வீட்டுக்காரர் சார்..."

அந்தப் பக்கம் டாக்டர் திட்டவில்லை. "மண்டைக்கு நடுப்பகுதியில ரெண்டு மூணு படம் போதும்மா. சுருக்காம அப்படியே அனுப்பு. நான் இங்கேயே நிக்கிறேன்."

இரண்டு மூன்று படம் போதும்! சுருக்காமல்! சேதுலட்சுமி போனைப் பிடித்தபடியே நின்றாள். டெஸ்ட் ஓட்டுவதா வேண்டாமா என்று அத்தனை நேரம் செத்துப் பிழைத்தாளே, இந்த நிரலே வேண்டாம், எந்தப் படம் முக்கியம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மூன்று படத்தை மட்டும் அனுப்பலாம் என்று தோன்றவில்லையே! அது பேட்டரியிலேயே முடிந்திருக்கும். காலையிலேயே முடிந்திருக்கும். நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து மூன்று படத்தைச் சுருக்காமல் அனுப்பினாள்.

படங்கள் போய்ச் சேர்ந்த கையோடு போன் மணி அடித்தது.

"உடனே கிளப்புங்க. வலது பக்கம் பூரா ரத்தம் கட்டி மூளையைத் தள்ளிக்கிட்டு நிக்குது. பரமக்குடியில சொல்லி ஆம்புலன்ஸை வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிக்க வைக்கிறேன். வழியில தூங்க விட்டுராதீங்கம்மா. எழுப்பி எழுப்பிப் பேர் கேளுங்க. பதில் நின்னுச்சுன்னா ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட அதை மொதல்ல சொல்லுங்க, எனக்கும் சொல்லுங்க."

மாமியாரை எழுப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி வளைக்கவில்லை அவள். "அத்த, நான் சரிபாக்காம அனுப்பிட்டேன். தப்பாப் போயிருச்சு. தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. மதுரைக்குப் போகணும்."

இராமலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவி," என்றாள். "பாவி மகளே, அனுப்பு அனுப்புன்னு நானும்ல ஒன்னைய நெருக்குனேன்!" என்று அழுதுகொண்டே தார்ப்பாயை உதறப் போய்விட்டாள்.

சத்திரக்குடியைத் தாண்டியதும் ரோடு தெரியவில்லை. இரண்டு பக்கமும் வயல் எது, ரோடு எது என்று தெரியாத ஒரே தண்ணீர். கரையோரக் கருவேல மரங்களைக் குறி வைத்து வீரையா ஓட்டினான். டிரெய்லரில் முத்தழகின் தலை அம்மாவின் மடியில் இருந்தது. பக்கத்தில் சேதுலட்சுமி, மேலே தார்ப்பாய், தார்ப்பாயில் மழை.

"மச்சான், ஒங்க பேரென்ன?"

"முத்தழகு."

"ஊரு?"

சொன்னான். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டாள். பேரைச் சொன்னான், ஊரைச் சொல்லவில்லை. அதற்கடுத்த முறை கண்ணை மட்டும் திறந்து மூடினான்.

"அசந்து தூங்குறான்த்தா," என்றாள் மாமியார், மகன் முகத்தைத் தடவிக்கொண்டு. "இப்பத்தான் கண்ணயர்ந்தான். செத்த நேரம் விடேன். நீ எழுப்புறப்பல்லாம் எனக்கு உசுரு போயி உசுரு வருது."

சேதுலட்சுமிக்கும் அதுதான். கேட்காதவரைக்கும் அவன் தூங்குகிறான். கேட்டு, பதில் வராவிட்டால்? அந்த ஒரு நிமிஷம், கேட்காமலே விட்டுவிட அவள் ஆசைப்பட்டாள். அப்படி ஒரு ஆசை வாழ்நாளில் அவளுக்கு எதன்மேலும் வந்ததில்லை.

அவன் முகத்தருகே குனிந்தாள். "மச்சான்! நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு?"

உதடு அசைந்தது. டிராக்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒன் பேரத்தான் சொல்றான்," என்றாள் மாமியார் அவசரமாக. அவளுக்கும் கேட்டிருக்காது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வீரையா! வண்டிய ஒரு நிமிசம் நிப்பாட்டு! எனக்குக் கேக்கல!"

"இங்கன நிப்பாட்டுனா டயரு சேத்துல புதைஞ்சிரும் மதினி!" அவன் திரும்பாமல் கத்தினான். "பெறகு கிளப்பவே முடியாது! சொல்லுங்க, நிப்பாட்டவா?"

மறுபடியும் அவள் தலையில்தான். நிறுத்தினால் தெரிந்துகொள்ளலாம், போய்ச் சேர முடியாது. போனால் தெரியாது. காலையில் இதே இடத்தில்தான் நின்றாள், இரண்டில் ஒன்று என்று. மூன்றாவது ஒன்று இருந்ததை அப்போது பார்க்கவில்லை.

"நிப்பாட்டாத! ஓட்டு!" என்று கத்திவிட்டு, தார்ப்பாய்க்கடியில் தேடி அவனுடைய வலது கையை எடுத்தாள். கலப்பை பிடித்துக் காய்த்த கை, ஐஸாக ஜில்லிட்டிருந்தது. தன் இரண்டு விரலை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். வாயைக் காதோடு ஒட்டி வைத்துச் சொன்னாள்.

"மச்சான், நான் சேது. கேக்குதா? கேட்டா விரலப் பிடிங்க."

ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் டிரெய்லர் பலகையைத் தட்டிக்கொண்டு போனது. மாமியார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"பிடிங்க மச்சான்."

விரல்கள் மெல்ல மடங்கின. பலம் இல்லை, ஆனால் மடங்கின. அவள் விரலைச் சுற்றி மடங்கி, அங்கேயே நின்றன.

கண்ணைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. இது தானாக இழுத்த இழுப்பாக இருக்கலாம் என்று பட்டது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, மறுபடி அவன் காதுக்குக் குனிந்தாள்.

"இன்னொருக்காப் பிடிங்க."